அரைவெட்டில் அணைந்த ரம்பம்

மரம் அறுக்கும் மிஷின் அணைவதற்கு முந்தைய இரண்டு நொடிகளில் அதன் குரல் ஏறும். கட்டையைக் கடித்துக்கொண்டு கனத்த குரலில் ஓடிக்கொண்டிருப்பது சட்டென்று கீச்சுக்குரலில் கத்தும். அதற்குப் பிறகு சத்தமே இருக்காது. ரிசர்வுக்குத் திருப்ப மறந்து பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தக் கீச்சு பழக்கம். எரிபொருள் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்று எஞ்சின் சொல்லும் சேதி அது.

போன ஆடியில் அந்தக் குரலை ஒரே காலையில் ஏழெட்டு முறை கேட்டேன். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் மலையடிவார மாந்தோப்புகள். ஆடிக்காற்றில் எங்கள் தோப்பின் பழைய சப்பட்டை மரம் ஒன்று பெரிய கிளையை முறித்துப் பாதையில் சாய்த்திருந்தது. கிளை முழுதாக விழவும் இல்லை. பாதி மரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. முந்தைய வருடம் கவாத்து முடிந்ததும் கொட்டகையில் மாட்டிவைத்த மிஷினை எடுத்தேன். நாலாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சும்மா ஓடும்போது ஒரு குறையும் இல்லை. முழு ரேஸ் கொடுத்துக் கட்டையில் வைத்தால் இரண்டு விரற்கடை இறங்கும். உடனே அந்தக் கீச்சு, அப்புறம் அமைதி.

கார்பரேட்டரில் ‘எச்’ என்று எழுத்துப் பொறித்த ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்துவிட்டேன். ஏதோ மாறியதுபோல் இருந்தது. இன்னொரு கால் சுற்று திறந்தேன். மத்தியானத்துக்குள் மிஷின் பழைய நிலைக்கும் கீழே போய்விட்டது. அது முதலில் எந்த அளவில் இருந்தது என்பதும் எனக்கு மறந்துவிட்டது.

மறுநாள் அதைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். டிவிஎஸ் 50-லும் ஆர்எக்ஸ் 100-லும் கைபழகியவர். அந்த வண்டிகள் ரோட்டிலிருந்து மறைந்தபின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் மிஷின் என்று வேறு உருவங்களில் அதே டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அவர் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. மிஷினைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்.

“எப்ப நின்னுருது தம்பி? சும்மா ஓடையிலயா, ரேஸ் கொடுக்கையிலயா, கட்டைல வச்சப்பெறகா?”

“கட்டைல வச்சப்பெறகுதான் அண்ணாச்சி.”

“எம்புட்டு நேரம் ஓடுது?”

“எட்டு பத்து செகண்டு இருக்கும்.”

“ஸ்க்ரூவத் திருகுனீங்களா?”

ஆமாம் என்றேன். “எல்லாரும் அதத்தான் மொதல்ல தொடுறாங்க. கடைசியா தொட வேண்டியது அது” என்று சொல்லிவிட்டு, மிஷினைத் திருப்பி டேங்க் மூடியைப் பார்த்தார்.

அவர் கேட்ட அந்த மூன்று கேள்விகளில்தான் இந்த வைத்தியத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பெட்ரோல் டேங்கிலிருந்து பிஸ்டன் வரை எப்படிப் போகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் மேலிருந்து கீழே தானாக இறங்கி, கார்பரேட்டரின் கிண்ணத்தில் தேங்கும். ஒரு மிதவை அதன் மட்டத்தைக் காக்கும். நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியின் பந்து வால்வு செய்யும் அதே வேலை. ஆனால் ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிறோம். கிளைக்கு அடியிலிருந்து தலைகீழாகவும் வெட்டுகிறோம். சாய்ந்த கிண்ணத்தில் மிதவை என்ன செய்யும்? தொடக்ககாலப் பெட்ரோல் ரம்பங்களில் மிதவைக் கார்பரேட்டர்தான் இருந்தது. அதனால் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, சங்கிலி ஓடும் பட்டையை மட்டும் திருப்பும் ஏற்பாடுகள் தேவைப்பட்டன. 1950-களில் டயாபிரம் (சவ்வு) கார்பரேட்டர் பரவிய பிறகுதான் ஒரே ஆள் எந்தக் கோணத்திலும் பிடித்து அறுக்கும் இன்றைய ரம்பம் சாத்தியமானது.

இந்தக் கார்பரேட்டர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் இரண்டு மெல்லிய சவ்வுகள். ஒரு பக்கத்துச் சவ்வு பம்பு. மறுபக்கத்துச் சவ்வு அளவு பார்ப்பது.

பம்புக்கு மின்சாரமும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழே கிராங்க் கேஸில் அழுத்தம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சிறு துளையோ குழாயோ கார்பரேட்டருக்குக் கொண்டுவருகிறது. சவ்வு உள்ளே இழுபடும், வெளியே தள்ளப்படும். சவ்விலேயே நாக்கு மாதிரி வெட்டிவிட்ட இரண்டு மடிப்புகள் வால்வுகளாக வேலைசெய்யும்: ஒன்று டேங்கிலிருந்து இழுக்க, மற்றது உள்ளே அனுப்ப. நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் எஞ்சினில் இது நொடிக்கு 150 முறை நடக்கிறது. தன் நாடித்துடிப்பால் தன் சாப்பாட்டைத் தானே இறைத்துக்கொள்ளும் எந்திரம் இது. பல வருடம் இதைக் கையில் பிடித்தும் எனக்கு இந்த ஏற்பாடு தெரியாமல் இருந்தது. தெரிந்த பிறகு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பம்பு அனுப்பும் பெட்ரோலை ஊசி வால்வு ஒன்று தடுத்து நிறுத்தியிருக்கும். அதற்கு அப்பால் ஒரு சின்ன அறை. அறையின் கூரைதான் இரண்டாவது சவ்வு. சவ்வுக்கு வெளிப்புறம் சாதாரணக் காற்று. அதற்கென மூடியில் ஒரு சிறு துளை உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கார்பரேட்டரின் குறுகிய தொண்டையில் அழுத்தம் குறைந்து, அறையிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அறை காலியாகக் காலியாகச் சவ்வு உள்வாங்கும். நடுவிலிருக்கும் பொட்டு ஒரு நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் ஊசியைத் தூக்கும். புது பெட்ரோல் வரும். அறை நிறைந்ததும் சவ்வு பழையபடி நிமிர, ஸ்பிரிங் ஊசியை மூடிவிடும். மிதவை செய்யும் வேலையை இப்படி ஒரு சவ்வு, தலைகீழாகப் பிடித்தாலும், செய்துமுடிக்கிறது.

ஏறக்குறைய இரண்டு கிலோவாட் சக்தியுள்ள ரம்பம் முழு வேகத்தில் கட்டையை அறுக்கும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு ஆறேழு துளி. அந்தச் சின்ன அறையில் இருப்பு மிகக் கொஞ்சம். சில நொடிக்கே காணும். சும்மா ஓடும்போது தேவையோ இதில் ஒரு சிறு பங்கு. என் மிஷின் சும்மா ஓடி, ரேஸும் எடுத்து, கட்டையில் வைத்து எட்டு பத்து நொடியில் நின்றதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. அறைக்குப் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருந்தது. செலவுக்கு ஈடாக வரவு இல்லை. கடையின் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாலும் குடோனிலிருந்து சரக்கு வராவிட்டால் வியாபாரம் நடக்குமா? நான் எச் ஸ்க்ரூவைத் திறந்தது அப்படிப்பட்ட வேலை.

நம் தோப்புக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி உண்டு. கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் என்ன பார்ப்போம்? ஃபுட் வால்வில் இலை அடைத்திருக்கிறதா, உறிஞ்சு குழாயில் எங்காவது ஏர் வாங்குகிறதா, வாஷர் தேய்ந்துவிட்டதா என்று கீழிருந்து மேலாக வருவோம். தோட்டத்தில் தண்ணீர் விழும் இடத்தில் உள்ள வால்வைத் திருகிப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டோம். ரம்பத்திலும் அதே வரிசை. டேங்கில் கிடக்கும் பில்டர்தான் ஃபுட் வால்வு. ரப்பர் ஹோஸ் உறிஞ்சு குழாய். பம்புச் சவ்வு வாஷர். கிணற்றுக்கு இல்லாத ஒன்று மட்டும் இங்கே கூடுதல்: டேங்க் மூடப்பட்டது. அதற்கு மூச்சு வேண்டும்.

அண்ணாச்சி முதலில் பார்த்ததும் அந்த மூச்சைத்தான். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான சின்ன வெண்ட் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் கூடும். பம்பு எவ்வளவு துடித்தாலும் இழுக்க முடியாது. இந்தக் குறை உள்ள மிஷின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் நன்றாகவே ஓடி, பிறகு நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும். மூடியைத் தளர்த்தி, மிஷினை நிமிர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் குறை மறைந்துவிடும். இரண்டு நிமிடச் சோதனை, செலவு கிடையாது. இதே மாதிரி சூடானதும் நின்று, ஆறினால் ஓடும் இன்னொரு வியாதி உண்டு: பற்றவைக்கும் காயில் சூட்டில் தளர்ந்துபோவது. இரண்டையும் பிரித்தறிய, நின்ற நொடியிலேயே பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவிட்டுப் பார்த்தால் காயில் நல்லபிள்ளைபோல் பொறி கொடுத்து ஏமாற்றிவிடும். சித்திரை வெயிலில் மிஷினை வெட்டவெளியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், ஹோஸில் பெட்ரோல் ஆவியாகி நின்று திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவதும் உண்டு. அதற்கு மருந்து நிழல்தான்.

என் மிஷினில் ‘உஸ்’ வரவில்லை. அடுத்து பிளக். சோக் போட்டு ஐந்தாறு முறை கயிற்றை இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால், முனை ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது. எலும்புபோல் காய்ந்திருந்தால் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வருகிறது. ஊசி வால்வின் வாயில் தூசி உட்கார்ந்திருக்கலாம். ஸ்டார்ட்டே ஆகாத மிஷினுக்கு இன்னொரு சோதனை: ஏர் பில்டரைக் கழற்றி, கார்பரேட்டர் வாயில் ஆயில் கலந்த பெட்ரோல் நாலைந்து சொட்டு விட்டு இழுப்பது. இரண்டு மூன்று நொடி ஓடி அணைந்தால், பொறியும் அமுக்கமும் சரி, குறை பெட்ரோல் வரவில்தான். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போய், செயின் பிரேக் போட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பெட்ரோல் சிந்திய பெஞ்சு மேலேயே கயிற்றை இழுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு ஒரு கம்பியை நுனியில் வளைத்து, டேங்குக்குள் விட்டு, ஹோஸோடு பில்டரை மீன்போல் தூக்கி வெளியே எடுத்தார். பில்டருக்குக் கொஞ்சம் கனம் வைத்திருப்பார்கள். மிஷினை எப்படிச் சாய்த்தாலும் அது பெட்ரோல் இருக்கும் பக்கமே உருண்டு போகும். பில்டரைப் பிடுங்கி வாயால் ஊதினார்; காற்று தாராளமாகப் போனது. ஹோஸை இழுத்து, வளைத்து, டேங்கின் சுவருக்குள் நுழையும் இடத்தில் விரல்களால் பிரித்துப் பார்த்தார். ஹோஸ் பெரும்பாலும் அங்கேதான் கிழியும். சும்மா பார்த்தால் தெரியாது, இழுத்தால் வாய் பிளக்கும். அந்தப் பிளவு பெட்ரோலுக்குள் மூழ்கி இருக்கும்வரை தொந்தரவு இல்லை. பாதி டேங்க் காலியானதும் காற்றை இழுக்கும். ‘ஃபுல் டேங்கில் நல்லா ஓடுது, பாதியானதும் படுத்துது’, ‘இடதுபக்கம் சாய்ச்சா நின்னுருது’ என்று யாராவது சொன்னால் நேரே ஹோஸைப் பார்க்கலாம். இதுவும் எனக்குச் சரியாக இருந்தது. முந்தைய வருடம்தான் நானே புது ஹோஸ் மாட்டியிருந்தேன். அந்தப் பெருமை அடுத்த அரை மணி நேரத்தில் போய்விட்டது.

சில மிஷின்களில் பெருவிரலால் அமுக்கும் பிரைமர் குமிழ் இருக்கும். அமுக்கினால் குமிழ் நிறைகிறது, அதனால் பம்பு நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. குமிழ் தன் சொந்த உறிஞ்சலால் டேங்கிலிருந்து கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோலை இழுத்துத் திரும்ப டேங்குக்கே அனுப்புகிறது. நாடித்துடிப்புப் பம்பு செத்திருந்தாலும் குமிழ் நிறையும். குமிழில் ஓயாமல் காற்றுக்குமிழி வந்தால் மட்டும் ஹோஸில் ஏர் வாங்குகிறது என்று சொல்லலாம்.

கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் அண்ணாச்சி ஒன்று செய்தார். மிஷினைச் சும்மா ஓடவிட்டு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். சாய்க்கும்போது ஓட்டம் ஏறி இறங்கினால், அல்லது ரேஸை விட்டபின் குரல் இறங்க நேரம் எடுத்தால், கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பரிலோ கிராங்க் சீலிலோ வெளிக்காற்று புகுகிறது. அது பெட்ரோல் வரத்துக் குறை இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். நாடித்துடிப்பைக் கொண்டுவரும் குழாய் வெடித்திருந்தாலும் இப்படித்தான்: பம்பின் பலம் குறையும், கூடவே கிராங்க் கேஸுக்குள் வேண்டாத காற்றும் நுழையும். என் மிஷினின் குரல் அசையவில்லை.

பெட்ரோல் குறைவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. காரிலும் புது பைக்கிலும் எஞ்சினுக்கு ஆயில் தனியே இருக்கிறது. ரம்பத்தில் அப்படி இல்லை. பெட்ரோலில் கலந்த டூடி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உள்ள ஒரே வழவழப்பு. நல்ல ஆயிலானால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. சில மிஷின்களுக்கு 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. எதுவென்று அந்தந்த மிஷினின் புத்தகத்தில் போட்டிருக்கும். ஆக, பெட்ரோல் பாதியானால் ஆயிலும் பாதி. குறைந்த பெட்ரோலோடு எரியும்போது சூடும் ஏறும். உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் குறையும். சூடு கூடி, வழவழப்பும் குறைந்தால், அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கீறும். பட்டறைகளில் ‘பிஸ்டன் பிடிச்சிருச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நூறு இருநூறு ரூபாய்க் குறை ஆயிரக்கணக்கில் போய் நிற்பது இந்த இடத்தில்தான். கீச்சுக்குரல் கேட்டால் உடனே ரேஸை விட்டுவிட வேண்டும். நான் ஏழெட்டு முறை விடவில்லை.

நன்றாக இருக்கும் மிஷின் கட்டையைத் தொடாமல் முழு ரேஸில் ஓடும்போது சற்றுத் தடுமாறும் குரலில், ‘பொடபொட’ என்ற கலப்போடு ஓடும். கட்டையில் வைத்ததும் அந்தக் கலப்பு நீங்கிக் குரல் சுத்தமாகும். சுமை இல்லாதபோதே கிண்ணென்று சுத்தமாகக் கத்தினால் அதைக் கேட்டு மகிழக் கூடாது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எச் ஸ்க்ரூவைக் காதால் சரிசெய்வது இந்தக் குரலை வைத்துத்தான். ஆனால் வரத்து முழுவதும் சீராக இருக்கும்போது மட்டுமே அந்தக் குரல் உண்மை பேசும்.

இப்போது பெட்ரோலைப் பற்றி. இந்தியாவில் 2022 ஜூனில் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் அதுவே நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. கரும்பு விவசாயிகளுக்கும் நாட்டின் எண்ணெய்ச் செலவுக்கும் இதில் நன்மை உண்டு. கார்களில் கணினி இருக்கிறது. அது கலவையைத் தானே சரிக்கட்டும். ரம்பத்தில் இருப்பது ஸ்க்ரூ. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலப்புக்கு இது சுமார் 13.5 ஆகிறது. வெறும் பெட்ரோலுக்கு அமைத்த ரம்பத்தில் இதை ஊற்றினால், ஒரு ஸ்க்ரூவையும் தொடாமலே எட்டு சதவீதம் அளவுக்கு எரிபொருள் பற்றாக்குறை வந்துவிடுகிறது. பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று பல ரம்பங்களின் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. இந்தப் பக்கத்துத் தோப்புகளில் அந்தப் புத்தகத்தைப் பிரித்தவர்கள் குறைவு.

அதைவிட எனக்குக் கவலை தருவது எத்தனாலுக்கும் தண்ணீருக்கும் உள்ள பாசம். அண்ணாச்சியின் பட்டறையில் அதைக் கண்ணால் பார்த்தேன். அளவுக்கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி தண்ணீர் ஊற்றினார். அதன் மேல் பங்க்கில் வாங்கிய பெட்ரோல் நூறு மில்லி. மூடிக் குலுக்கி, அசையாமல் நிறுத்தினார். இரண்டு நிமிடத்தில் இரண்டும் பிரிந்தன. மேலே பெட்ரோல், கீழே தண்ணீர். ஆனால் கீழே இருந்த பத்து மில்லி முப்பதை நெருங்கியிருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கீழே இறங்கிவிட்டது. கொஞ்சம் ஈரத்தை எத்தனால் தன்னுள் கரைத்தே வைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் மூடி சரியாக மூடாத கேனில் தண்ணீர் இறங்கி, தாங்கும் அளவைத் தாண்டினால், இந்தக் குழாயில் நடந்தது கேனிலும் டேங்கிலும் நடக்கும். டூடி ஆயில் பெட்ரோலோடு மேலே நின்றுவிடும். கனமான பில்டர் எங்கே கிடக்கிறது? அடியில். ஆயிலே இல்லாத எத்தனால் தண்ணீரை அது முதலில் உறிஞ்சும். (இப்படித் தண்ணீர் ஊற்றிப் பிரித்த பெட்ரோலை எஞ்சினுக்குப் பயன்படுத்தக் கூடாது; எத்தனாலோடு அதன் ஆக்டேனும் போய்விடுகிறது.)

எத்தனால் சவ்வையும் ஹோஸையும் விடுவதில்லை. அதற்கென்று செய்யாத ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். பிறகு காயும்போது ரப்பர் விறைத்துப்போகும். எத்தனால் இல்லாவிட்டாலும், பல மாதம் தேங்கிய பெட்ரோலில் லேசான பகுதி பறந்துபோய்ப் பிசின் மாதிரி ஒரு படிவு மிஞ்சும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது தயாரிப்பாளர்கள் பலரின் அறிவுரை. நம் மாந்தோப்பு ரம்பங்களோ ஆனி ஆடியில் அறுவடை முடிந்து கவாத்துக்கு ஓடிவிட்டு, அடுத்த வருடம் வரை டேங்கில் மிச்சத்தோடு கொட்டகையில் தொங்குகின்றன.

கடைசியில் கார்பரேட்டர் பெஞ்சுக்கு வந்தது. வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் கழற்றினார். அளவு பார்க்கும் பக்கத்து மூடியை முதலில் எடுத்து, சவ்வை விரல் நுனியில் பிடித்துக் காதருகே ஆட்டிக் காட்டினார். புதுச் சவ்வு துணிபோல் சத்தமில்லாமல் மடங்கும். இது அப்பளத் தாள்போல் சடசடத்தது. “இது விறைச்சிருச்சு. மாத்தணும். ஆனா எட்டு செகண்டுல நிக்கிறதுக்கு இது மட்டும் காரணமில்ல” என்றார். கேஸ்கட்டும் சவ்வும் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுக்கச் சொன்னார். இடம் மாறிப் போட்டால் நெம்புகோலுக்கும் பொட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். மிஷின் ஒன்று பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் மூழ்கும்.

மறுபக்கம், பம்பு மூடிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடியும் சவ்வும் விலகியதும், பெட்ரோல் உள்ளே நுழையும் பள்ளத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்ட வலை தெரிந்தது. கொசுவலையைவிடப் பல மடங்கு நுண்ணியது. பித்தளை நிறத்தில் மின்ன வேண்டிய அந்த வலையின் மேல் வெள்ளையாக ஒரு படலம். ஊசியால் ஓரத்தில் நெம்பினார். படலம் முழுசாக, வட்டமாகக் கழன்று வந்தது. தாளின் மேல் வைத்து லென்ஸை என்னிடம் நீட்டினார். பின்னிப் பிணைந்த நார்கள், அவற்றின் நடுவே பழுப்புப் பிசின்.

“பஞ்சு” என்றார்.

டேங்கில் பில்டர் இருக்க, அதைத் தாண்டி இங்கே பஞ்சு எப்படி வரும்? பில்டர் கிழியவில்லை; அவரே ஊதிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மெதுவாக நினைவு வந்தது. முந்தைய வருடம் ஹோஸ் மாற்றும்போது, கார்பரேட்டரில் மாட்டும் முனையையும் ஹோஸின் உள்வாயையும் துடைத்தேன். எதனால்? மில்லிலிருந்து கிலோக் கணக்கில் கிடைக்கும் வேஸ்ட் பஞ்சால். ராஜபாளையம் நூற்பு மில்களின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்பெற்றது. எங்கள் ஊரில் சைக்கிள் கடையிலிருந்து மோட்டார் கொட்டகை வரை எதைத் துடைக்கவும் பஞ்சுதான். கைகளுக்கும் செயினுக்கும் அது அருமையான பொருள். பில்டருக்கு அப்புறம் உள்ள எந்த இடத்துக்கும் அது ஆகாது. ஹோஸின் வாயில் ஒட்டிய சில நார்கள் பெட்ரோலோடு போய் வலையில் படிந்திருக்கின்றன. ஒரு வருடம் தேங்கிய பெட்ரோலின் பிசின் அவற்றை ஒட்டித் தகடாக்கியிருக்கிறது. சும்மா ஓடத் தேவையான ஒன்றிரண்டு சொட்டு அதன் வழியே கசிந்தது. நொடிக்கு ஆறேழு துளி வர வழியில்லை.

வலையை நல்ல பெட்ரோலில் அலசினார். துளைகளைக் கம்பியால் குத்த என்னை விடவில்லை. கார்பரேட்டரின் துளைகள் மயிரிழை அளவில் கணக்காகப் போட்டவை, கம்பி அவற்றைப் பெரிதாக்கிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும் என்றார். புதிய சவ்வுகளும் ஊசியும் கேஸ்கட்டுகளும் சேர்ந்த கிட் போட்டார். பின்னர் நான் திருகிவைத்த ஸ்க்ரூக்களை மெல்ல அடிவரை மூடி, அழுத்தாமல், ஒரு சுற்று திறந்து தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தார். பல ரம்பங்களுக்கு அதுதான் ஆரம்ப அளவு. அடியில் இறுக்கித் திருகினால் ஸ்க்ரூவின் கூர்முனை இருக்கையில் பள்ளம் பதிந்து, அப்புறம் எந்த அளவும் நிற்காது. எஞ்சினைச் சூடாக்கி, முதலில் ‘எல்’ ஸ்க்ரூவால் சும்மா ஓட்டத்தையும் ரேஸ் ஏறும் வேகத்தையும் சரிசெய்து, கடைசியாகக் கட்டையில் வைத்து எச் ஸ்க்ரூவைத் தொட்டார். அந்த ‘பொடபொட’, கட்டையில் வைத்ததும் சுத்தமான கனத்த குரல். ஒரு புளியங்கட்டையைக் கீழ்வரை தயங்காமல் அறுத்துப் போட்டது.

தோப்புக்குத் திரும்பியதும் கிளையிடம் போகும் முன் அண்ணாந்து பார்த்தேன். இந்த மலையடிவாரத் தோப்புகளில் அது ஒரு கடமை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் ஒரு பகுதி. ஆனால் அந்தப் பெரிய அணில்களுக்குக் காப்பகத்தின் எல்லைக்கோடு தெரியாது. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும் அவை அடிவார மாமரங்களுக்கும் புளியமரங்களுக்கும் வரும். உயரத்தில் இலையும் குச்சியும் சேர்த்துக் கூடு கட்டும். கூடு இல்லை என்று பார்த்த பிறகே கயிற்றை இழுத்தேன்.

பாதி முறிந்து தொங்கும் கிளையை அறுக்கும்போது ரம்பம் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதை அன்று மரத்தில் பார்த்தேன். முந்தைய நாள் நான் இரண்டு விரற்கடை அறுத்து நின்ற இடத்திலிருந்து, கிளையின் கனம் தாங்காமல், பட்டை அடிமரம்வரை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மாமரத்தில் இப்படிப்பட்ட புண் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு வாசல். கிழிந்த பட்டையை ஓரம் சீவி, போர்டோ பசை தடவினேன். ஆற இரண்டு மூன்று வருடம் ஆகும். வலையில் ஒட்டிய ஒரு பொட்டுப் பஞ்சு அப்பா வைத்த மரத்தில் அந்தப் புண்ணைப் போட்டது.

கவாத்து முடிந்த நாளில் டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கேனில் வடித்தேன். பின்பு மிஷினை ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் சும்மா ஓடவிட்டு, கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கார்பரேட்டருக்குள் இருந்த கடைசிச் சொட்டுகள் எரியும்வரை அது நிதானமாக ஓடியது. அப்புறம் குரல் கொஞ்சம் ஏறியது. அணைந்தது. வெளிப்புறத்தை மட்டும் பஞ்சால் துடைத்து ஆணியில் மாட்டினேன்.